அம்மன் கொட்டாய்க்கு அடித்த வெள்ளை

பதினோராயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய். பெயிண்ட் கடை ஆஞ்சப்பனுக்குப் பொற்கொடி தர வேண்டிய பாக்கி அது. தனக்கென்று அவள் ஒரு டப்பா கூட வாங்கவில்லை. மாரியம்மன் கொட்டாயின் தகரக் கூரைக்கு வெயில் தடுக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடித்ததில் வந்த கடன். ஆனால் கடை வாசலில் நின்று, "என் பேர்லயே எழுதிக்கோங்கண்ணா, நான் எங்க ஓடிப் போயிடப் போறேன்" என்று சொன்ன வாய் அவளுடைய வாய்தான்.

ஓசூர் சிப்காட்டைத் தாண்டி, கர்நாடகா போகிற ரோட்டிலிருந்து உள்ளே இறங்கினால் அந்த லைன் வீடுகள் வரும். ஒரே நீளச் சுவர், ஒரே ஷீட் கூரை, குறுக்கே தடுப்பு வைத்து இருபத்து நான்கு குடித்தனம். கல்லாவி, சிங்காரப்பேட்டை, பர்கூர் என்று பக்கத்து ஊர்க்காரர்களும், விருதுநகர், திருநெல்வேலி என்று தூரத்து ஆட்களும் கலந்து கிடக்கிற இடம். குழாயடிச் சண்டையில் நாலு ஊர்த் தமிழும் கொஞ்சம் தெலுங்கும் கன்னடமும் சேர்ந்து வரும்.

பொற்கொடிக்குக் கல்லாவி. பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் பிசிறு எடுக்கும் வேலை, பகல் ஷிப்ட். அவள் புருசன் மூர்த்திக்கு இரும்பு வார்க்கிற கம்பெனியில் நைட் ஷிப்ட். ராத்திரி முழுக்க உலைக்கு முன்னால் நின்றுவிட்டு, காலையில் வந்து ஷீட்டுக்குக் கீழே படுப்பான். பத்து மணிக்கெல்லாம் ஷீட் காய்ந்து, தலைக்கு மேல் தோசைக்கல்லைக் கவிழ்த்தது போல் இருக்கும்.

"ராத்திரி ஒரு அடுப்பு, பகல்ல ஒரு அடுப்பு. ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிச் சுடுறாங்கடி என்னை" என்பான் மூர்த்தி.

போன வருசம் சித்திரையில், உலைக்கு முன்னால் நின்றபடியே அவன் கண் அசந்துவிட்டான். பக்கத்தில் நின்றவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூர்த்தி அதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். பொற்கொடி சிரிக்கவில்லை. அன்றைக்குச் சோறு வடிக்கையில் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டாள்.

இந்த வருசம் மாசியில் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு டிரஸ்ட்டுக்காரர்கள் வந்தார்கள். வெயிலால் உடம்பு கெடாமல் இருக்க அந்தந்தக் குடியிருப்பு மக்களே ஒரு யோசனை சொல்லி, அவர்களே முன்னின்று செய்தால், அதற்குப் பணம் தருகிற திட்டம். அதற்குப் பெரிய பெயர் ஒன்று இருந்தது. லைன் வீட்டுப் பெண்கள் 'வெயில் பணம்' என்றே வைத்துக்கொண்டார்கள்.

"உங்க ஏரியாவுக்கு ரொம்ப அவசியமான விசயம் எது?" என்று கேட்டாள், டிரஸ்ட்டின் கள அலுவலர் சௌமியா. மற்ற ஏரியாக்காரர்கள் தண்ணித் தொட்டி, மரக்கன்று, மருத்துவ முகாம் என்று சொல்லியிருந்தார்கள். பொற்கொடி எழுந்து நின்று, "பகல் தூக்கம் மேடம்" என்றாள்.

கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சௌமியா சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து, தூக்கத்துக்குத்தான் பணம் கிடைத்தது. வேலையை நடத்தப் பொற்கொடியைத் தலைவியாக வைத்துப் பெண்கள் ஒரு குழு அமைத்தார்கள். முதல் தவணையில் கூரைகளுக்கு வெள்ளைப் பெயிண்ட். இரண்டாம் தவணையில் வீட்டுக்கு வீடு பின்சுவரில் காற்றுப் போக ஓட்டை போட்டு விசிறி. கடையில் கடனுக்குச் சரக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது, வேலை முடிந்ததும் டிரஸ்ட் வந்து பார்த்துக் கடைக்கே பணத்தை அனுப்பிவிடும். கடைக்காரர் பாக்கி இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தவணை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும். ஆனால் பெயிண்ட் வந்து இறங்கிய வெள்ளிக்கிழமை காலையில், குழுவின் பெண்கள் யாரும் யாரையும் கேட்காமல் முதல் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்கு நடந்தார்கள்.

லைன் வீடுகளுக்குக் கிழக்கே, வேப்ப மரத்தடியில் அம்மனுக்கு ஆள் உயரத்தில் ஒரு கருவறை. அதற்கு முன்னால் நாலு பக்கமும் திறந்த பெரிய தகரக் கொட்டாய், கூழ் ஊற்றவும் பொங்கல் வைக்கவும் எல்லாரும் காசு போட்டுக் கட்டியது. முதல் பட்டையை அம்மனுக்கு அடித்துவிட்டு வீடுகளுக்குப் போகலாம் என்றுதான் ஏறினார்கள். ஒரு பட்டை அடித்தபின் பாதியில் விட மனசு வரவில்லை. கொட்டாய் முழுக்க அடித்து, கருவறை மேலும் அடித்துத்தான் இறங்கினார்கள். வீடுகளுக்குப் பெயிண்ட் பற்றாமல் போக, பொற்கொடி ஆஞ்சப்பன் கடைக்கு ஓடி மறுபடி எடுத்து வந்தாள்.

சாமி இடத்துக்கு இந்தப் பணத்தில் செலவு செய்யக் கூடாது என்று சௌமியா முதலிலேயே சொல்லியிருந்தாள். பொற்கொடி கேட்டும் இருந்தாள். ஆனால் இது செலவு என்றே அவளுக்குத் தோன்றவில்லை. புது வண்டி வாங்கினால் நேரே கோயிலுக்கு ஓட்டிப் போகிறோம். அதைப் பெட்ரோல் செலவு என்று யாராவது சொல்வார்களா?

வேலையைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சௌமியா வருவதாகப் போன் செய்தாள். அன்று காலையிலிருந்தே பெண்கள் பரபரத்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. வெள்ளை அடித்த நாளிலிருந்து கொட்டாய் வேறு கொட்டாயாக மாறிவிட்டது. முன்பெல்லாம் மத்தியானத்தில் நாய்கூட அதற்குள் ஒதுங்காது. இப்போது மேலே வெள்ளை, பக்கத்தில் வேம்பு, நாலு பக்கமும் காற்று. வீடுகளிலும் சூடு குறைந்திருந்தது, ஆனால் வீட்டில் பிள்ளைகள் கத்துவார்கள், குக்கர் கத்தும். நைட் ஷிப்ட் ஆண்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராகப் பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டாய்க்கு வந்துவிட்டார்கள். செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர்கள் யூனிபார்மோடே வந்து சாய்ந்தார்கள். மாசமாக இருந்த ராசாத்தியும் ஒரு ஓரத்தில் புடவையால் மறைப்புக் கட்டிப் படுத்துக்கொண்டாள்.

"மேடம் வர்ற நேரத்துல அம்மனுக்கு முன்னாடி இப்படி லுங்கியும் குறட்டையுமா கெடந்தா நம்மளைப் பத்தி என்ன நெனப்பாங்க?" என்றாள் தமிழ்செல்வி. பொற்கொடிக்குப் பக்கத்து வீட்டுக்காரி, குழுவின் செயலாளர், வாய் கொஞ்சம் நீளம். "எழுந்திருங்கய்யா! வீட்டுக்குப் போய்த் தூங்குங்க!"

ஆண்களை விரட்டினார்கள். பாய்களை ஒளித்தார்கள். தரையைக் கழுவி, பெரிய கோலமாகப் போட்டார்கள். சௌமியா வந்தபோது கொட்டாய் பளிச்சென்று காலியாக இருந்தது. வீடுகளின் கூரையை எல்லாம் பார்த்துச் சந்தோசப்பட்டவள், கொட்டாய்க்கு முன்னால் வந்ததும் முகம் வாடிவிட்டாள்.

"இது கோயிலாச்சேக்கா?"

"ஆமா மேடம். மொத பக்கெட்டு அம்மனுக்குத்தான்!" பொற்கொடி நெஞ்சு நிமிர்த்திச் சொன்னாள்.

"இதுக்குப் பணம் தர விதி இல்லையேக்கா." சௌமியா உள்ளே எட்டிப் பார்த்தாள். "இங்க மத்தியானத்துல ஜனங்க யாராவது வந்து உக்காருவாங்களா, படுப்பாங்களா?"

"சேச்சே!" ஏழெட்டுப் பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். "அந்தப் பழக்கமே இங்க கெடையாது மேடம். சுத்தபத்தமா வெச்சிருக்கோம். ஒரு ஆள் காலை நீட்டி உக்கார விடமாட்டோம்."

சௌமியா பெருமூச்சு விட்டு, எழுதிக்கொண்டு போனாள். வீடுகளுக்கான பணம் அந்த வாரமே ஆஞ்சப்பன் கணக்குக்கு வந்தது. கொட்டாய்ப் பணம் பதினோராயிரத்து முந்நூற்று எழுபது மட்டும் பொற்கொடி தலையில் நின்றது.

அவள் ஆஞ்சப்பனிடம் போய்ப் பேசிப் பார்த்தாள்.

"அண்ணா, இதை அம்மன் கணக்குல எழுதிக்கோங்களேன்."

"ஏமம்மா பொற்கொடி," என்றார் ஆஞ்சப்பன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "அம்மனுக்கு ஜிஎஸ்டி நம்பர் இருக்கா? இருந்தா சொல்லு, இப்பவே பில்லு போடறேன்."

"நீங்களும் அவளைக் கும்பிடுறவர்தானே?"

"கும்பிடறேன். கும்பிடறதுக்குன்னு தனியா தேங்காய் ஒடைக்கறேன். பெயிண்டு கம்பெனிக்காரன் எங்கிட்ட தேங்காய் வாங்க மாட்டான்மா, செக்குதான் வாங்குவான்."

நல்ல மனுசர்தான். சத்தம் போடவில்லை, வீட்டு வாசலுக்கு வரவில்லை. ஆனால் பாக்கி இல்லை என்ற கையெழுத்தும் போடவில்லை. பொய்க் கையெழுத்துப் போடமாட்டேன் என்றுவிட்டார். விசிறித் தவணை நின்றுபோனது. வைகாசி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழாயடியில் சில பெண்கள் பொற்கொடியின் காதுபடவே, "தலைவியம்மா பக்தியில நமக்கு விசிறி போச்சு" என்று குடத்தோடு பேசினார்கள். பெயிண்ட் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனவர்களே அவர்கள்தான். பொற்கொடி தன் காதுக் கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அடகு வைத்தால் எவ்வளவு வரும் என்று கம்பெனியில் பிசிறு எடுக்கும் நேரமெல்லாம் மனசு அதிலேயே ஓடியது.

"வெச்சிடலாம்னு இருக்கேன்" என்றாள் மூர்த்தியிடம்.

"ஆடி வரைக்கும் பொறு" என்றான் மூர்த்தி. ஆடியில் என்ன நடக்கும் என்று அவனுக்கும் தெரியாது. கொட்டாயில் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு சொன்னதால் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் மின்வாரியத்தின் மாதாந்திரக் கரண்ட் நிறுத்தம். கம்பெனிக்கு லீவு. பொற்கொடி வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உச்சி வெயிலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. சௌமியா! சொல்லாமல் கொள்ளாமல்! முகம் தக்காளி மாதிரி சிவந்திருந்தது.

"பக்கத்து ஏரியாவுக்கு வந்தேங்க்கா. தலை சுத்துது. கொஞ்ச நேரம் நிழல்ல உக்காந்துட்டுப் போறேன். அந்தக் கொட்டாய்ல..."

"வேணாம் மேடம்!" பொற்கொடி எழுந்த வேகத்தில் கீரை முறம் கவிழ்ந்தது. "உள்ள வாங்க, மோர் தர்றேன். அங்க... அங்க இப்ப நடை சாத்தியிருக்கு."

"நாலு பக்கமும் திறந்த கொட்டாய்க்கு ஏதுக்கா நடை?"

அதற்குள் அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. கர்ர்ர் என்று இழுத்து, நின்று, மறுபடி கர்ர்ர்.

"அது மோட்டாருங்க மேடம்."

"கரண்ட்டே இல்லையேக்கா."

சௌமியா நடந்துவிட்டாள். பொற்கொடி பின்னாலேயே ஓடினாள். கொட்டாய் நிறைய ஆட்கள். லுங்கியில், யூனிபார்மில், ஒருத்தன் கால் இன்னொருத்தன் மேல். ராசாத்தி தன் மறைப்புக்குள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மூர்த்தி அம்மனுக்கு நேர் எதிரே, கும்பிடு போடுகிற மாதிரி குப்புறக் கிடந்தான்.

பொற்கொடி சொன்ன பொய் வெளிச்சமாகிவிட்டது. கொட்டாய்ப் பணம் போகட்டும், வீடுகளுக்குக் கொடுத்த பணத்தையே திருப்பிக் கேட்டால் என்ன செய்வது?

"மேடம், மன்னிச்சிருங்க. சாமி கொட்டாய்ல படுத்துத் தூங்குறாங்கன்னு எந்த வாயால சொல்றது? அதான் அன்னைக்கு எல்லாரையும் வெரட்டிட்டு..."

சௌமியா ஒரு தூண் ஓரமாகக் காலியாய்க் கிடந்த பாயில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்று சத்தமில்லாமல் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"அக்கா, நீங்க கேட்டதே என்னா? பகல் தூக்கம். அந்தத் தூக்கத்தையே பாயோட சுருட்டி ஒளிச்சு வெச்சுட்டு, கோலத்தை எங்கிட்ட காட்டினீங்களே! வெயிலுக்கு ஜனங்க ஒதுங்குற பொது எடம்னா பணம் தர விதி இருக்குக்கா. அதுக்குத்தானே அன்னைக்கு அப்படிக் கேட்டேன்!"

பொற்கொடி தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"ஆனா நான் ஏற்கெனவே இல்லைன்னு எழுதிட்டேன்" என்றாள் சௌமியா. "இனி எங்க பெரிய சார் ஹரீஷ்குமார் நேர்ல வந்து பார்த்தாத்தான் மாத்த முடியும். வியாழக்கிழமை ரெண்டு மணிக்குக் கூட்டிட்டு வர்றேன். எதையும் மாத்தாதீங்க. தூங்குறவங்க தூங்கட்டும். கோலம் மட்டும் வேணாம்."

வியாழக்கிழமைக்காகப் பொற்கொடி அரை நாள் லீவு எடுத்தாள். லைன் வீடு முழுக்க அதே பேச்சு. நைட் ஷிப்ட் ஆட்கள் ஒருத்தர் பாக்கி இல்லாமல் கொட்டாய்க்கு வந்து படுத்தார்கள். வழக்கமாக வராத இரண்டு பேரும் வந்து படுத்தார்கள். அதில் ஒருத்தன் எங்கிருந்தோ தலையணை கூடக் கொண்டுவந்தான்.

வந்ததெல்லாம் சரி. தூக்கம் வரவில்லை.

வேண்டாம் என்கிறபோது அள்ளிக்கொண்டு போகிற தூக்கம், ஆபீசர் வருகிறார் என்றதும் ஒருத்தர் பக்கமும் வரவில்லை. ஒருத்தன் புரண்டான். ஒருத்தன் எழுந்து தண்ணி குடித்தான். "ஏய், கண்ணை மூடுறா" என்று ஒருத்தனை ஒருத்தன் அதட்டினான். ராசாத்திக்குச் சிரிப்பு வந்து வந்து, புடவை மறைப்பு ஆடிக்கொண்டே இருந்தது.

"யோவ், தூங்குங்கய்யா, கும்பிட்டுக் கேக்குறேன்" என்றாள் பொற்கொடி.

"நீ நின்னு பாத்தா எப்படி வரும்? கல்யாணத்தன்னைக்குப் பாத்த மாதிரி பாக்குற" என்றான் மூர்த்தி, கண்ணைத் திறக்காமல்.

இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. ஹரீஷ்குமார் ஐம்பது வயது மனிதர், சோடாப்புட்டிக் கண்ணாடி. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, விறைப்பாகக் கிடந்தார்கள். என்.சி.சி. பயிற்சி போல் இருந்தது. அவர் மெதுவாக ஒரு சுற்று வந்தார். மூர்த்தியின் முன்னால் குனிந்தார். மூர்த்தியின் இமை இரண்டும் பட்டாம்பூச்சி மாதிரி படபடத்தன.

"சௌமியா," என்றார் அவர் மெல்லிய குரலில், "இங்க ஒருத்தர்கூடத் தூங்கலையே. நாம வர்றோம்னு வந்து படுத்திருக்காங்க."

நிஜத்தைக் காட்டலாம் என்று பொற்கொடி நினைத்த அன்றைக்கே அது நாடகமாகிவிட்டது.

அப்போதுதான் அது கேட்டது. கருவறையை ஒட்டிக் கொட்டாய்க்குள்ளேயே, கூழ் காய்ச்சுகிற அண்டாக்களை அடுக்கி வைத்திருக்கிற மூலையிலிருந்து. கர்ர்ர் என்று இழுத்து, நின்று, ஒரு விசில் அடித்து, மறுபடி கர்ர்ர். அண்டாக்களே லேசாக அதிர்ந்தன.

ஹரீஷ்குமார் அந்தப் பக்கம் போனார். எல்லாரும் பின்னால் போனார்கள். தூங்குகிற மாதிரி கிடந்தவர்களும் எழுந்து போனார்கள். அண்டாக்களுக்குப் பின்னால், முகத்தில் ஈரத் துண்டைப் போட்டு, சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்து, தொந்தி ஏறி இறங்க ஒரு ஆள் உலகம் மறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தோளைத் தொட்டார் ஹரீஷ்குமார்.

அந்த ஆள் துள்ளி எழுந்தார். துண்டு விழுந்தது. ஆஞ்சப்பன்.

எதிரே நின்றவரைக் கோயில் கமிட்டிக்காரர் என்று நினைத்துவிட்டார் போல. "தப்பா நெனக்காதீங்க சாமி, கடை மேல ஷீட்டு, ஒண்ணுலேருந்து நாலு வரைக்கும் உள்ள உக்கார முடியல. எனக்கு பிபி வேற. டாக்டர் மத்தியானம் படுன்னாரு. எங்க போய் படுக்கறது? இந்த வெள்ளை அடிச்ச நாள்லேருந்து இங்கதான் சாமி வர்றேன், பின்பக்கமா. ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்கல..." என்று கைகூப்பிக்கொண்டே வந்தவர், பொற்கொடியைப் பார்த்தார்.

"ஏண்ணா," என்றாள் பொற்கொடி, "எந்த வெள்ளைக்கு எங்கிட்டப் பாக்கி கேக்குறீங்களோ, அந்த வெள்ளைக்கு அடியிலதான் தூங்குறீங்களா?"

தமிழ்செல்விதான் முதலில் சிரித்தது. அப்புறம் கொட்டாயே சிரித்தது. ஹரீஷ்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இவரு நடிக்கல" என்றார். "சௌமியா, எழுதிக்கோங்க."

பொற்கொடி மூர்த்தியைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொன்னா என்னா?"

"தூங்க வந்த மனுசனைப் பத்தி வெளிய சொன்னா நல்லாவா இருக்கும்?" என்றான் மூர்த்தி. "அவரும் சொல்ல வேணாம்னாரு."

ஆனி மாதம் டிரஸ்ட்டிலிருந்து முடிவு வந்தது. கொட்டாய் 'வெயிலுக்கு ஒதுங்கும் பொது இடம்' என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. கருவறை மேல் அடித்ததற்கு மட்டும் விதி இடம் தரவில்லை. அதற்கான ஆயிரத்து நூற்று எழுபதைக் கழித்துக்கொண்டு, பத்தாயிரத்து இருநூறு ரூபாய் ஆஞ்சப்பன் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

அன்று மாலை பொற்கொடியும் தமிழ்செல்வியும் கடைக்குப் போனார்கள். பொற்கொடி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அந்த வாரச் சம்பளத்தில் எடுத்து வைத்திருந்த நோட்டுகளை மேசை மேல் வைத்தாள்.

"மீதி ஆயிரத்து நூத்தி எழுவதுண்ணா. எண்ணிக்கோங்க. எண்ணிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"இரும்மே," என்றாள் தமிழ்செல்வி. "அண்ணன் ஒரு மாசத்துக்கு மேல நம்ம கொட்டாய்ல படுத்திருக்காரு. ஓசூர்ல ஏசி லாட்ஜுல ஒரு மத்தியானத்துக்கு என்னா வாங்குறாங்க தெரியுமா? அதைக் கழிச்சுப் பாத்தா அண்ணன்தான் நமக்குத் தரணும்."

"வாய மூடு தாயே" என்றார் ஆஞ்சப்பன். கடைப் பையன்கள் இரண்டு பேரும் பெயிண்ட் டப்பாக்களுக்கும் விசிறிப் பெட்டிகளுக்கும் பின்னால் சிரிப்பது அவருக்குக் கேட்டிருக்கும். நோட்டுகளைப் பொற்கொடி பக்கமே தள்ளினார். "கருவறைக்கு அடிச்சது எதுல வரும்?"

"அம்மன் கணக்குலண்ணா."

"ஜிஎஸ்டி நம்பர் இல்லாத கணக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே பேனாவை எடுத்தார். பொற்கொடி பெயருக்கு நேரே இருந்த ஆயிரத்து நூற்று எழுபதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு டிரஸ்ட் தாளில், பாக்கி ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். மை காயட்டும் என்று தாளை ஃபேனுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "அந்த விசிறியெல்லாம் எந்தக் கடையில எடுக்கப் போறீங்க?" என்று கேட்டார்.